காடு கெடாவில், குழாய் பினாங்கில்: பருவநிலை மாற்றம் மூடா ஆற்றில் மூட்டும் தகராறு

பருவநிலை மாற்றம் போரைக் கொண்டுவரும் என்று பேசுகிறவர்கள் வழக்கமாக சூடானின் டார்ஃபூரையும் சிரியாவையும் எடுத்துக்காட்டுவார்கள். 2007இல் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன், டார்ஃபூர் மோதலின் தொடக்கத்தில் பருவநிலை மாற்றத்துக்கும் பங்கு உண்டு என்று எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில் பாதுகாப்பு மன்றம் முதன்முறையாக இதை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது. மழை பொய்த்தது, பயிர் கருகியது, ஜனம் இடம்பெயர்ந்தது, துப்பாக்கி வெடித்தது என்று கதை ஒரே மூச்சில் ஓடும். வருஷம் முழுக்க மழை பார்க்கிற மலேசியாவின் பினாங்குக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கோ நடக்கிற சங்கதி.

ஆய்வாளர்கள் அதை அவ்வளவு நேர்கோட்டில் சொல்வதில்லை. 2019இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்றில், இந்தத் துறையில் ஒருவரோடொருவர் முரண்பட்ட நிபுணர்களையே ஒன்றாக உட்காரவைத்துக் கருத்துக் கேட்டார்கள். பருவநிலை உள்நாட்டு மோதல்களைப் பாதித்திருக்கிறது என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வறுமையும் அரசின் கையாலாகாத்தனமும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அதாவது, மழை எவ்வளவு குறைந்தது என்பது பாதிக் கேள்விதான். குறைந்த தண்ணீரை யார் யாருக்கு, எந்த விதிப்படி கொடுப்பது என்பதற்கு ஏற்பாடு இருக்கிறதா என்பது மீதிக் கேள்வி.

அந்த மீதிக் கேள்வியை நம் ஊரில் கேட்டுப் பார்க்கலாம். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போனால் மூடா ஆறு வருகிறது. கடலை நெருங்கும் பகுதியில் அதன் ஒரு கரை பினாங்கு, மறு கரை கெடா. இந்த ஆற்றின் தண்ணீரை லஹார் தியாங்கில் எடுத்து, கால்வாய் வழியாகச் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பினாங்கு மாநிலத்தின் கச்சா நீரில், அதாவது சுத்திகரிக்குமுன் எடுக்கும் நீரில், சுமார் 80 விழுக்காடு இந்த ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பகாங் அணைகள் தீவுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். மெங்குவாங் அணை கையிருப்புக்கு உதவும். மற்றபடி ஜார்ஜ் டவுன் சாப்பாட்டுக் கடையில் அரிசி களைவதும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சில்லு கழுவுவதும் மூடா ஆற்றின் புண்ணியத்தில்தான்.

இந்த ஒற்றைச் சார்பு எப்படிப்பட்டது என்பதை 2024 ஜனவரியில் பார்த்தோம். சுங்கை டுவா நிலையத்தில் பழுதான வால்வுகளை மாற்றுவதற்காக 10ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை தண்ணீரை நிறுத்தினார்கள். சுமார் 590,000 இணைப்புகளுக்குப் பாதிப்பு. சரியாகப் பொங்கலுக்கு முந்தைய நாட்கள். வீடு கழுவி, பாத்திரம் தேய்த்து, பழையதைக் கழிக்கிற நேரம். பிறை பக்கத்து அடுக்குமாடிகளில் படிக்கட்டோரம் பீப்பாயும் வாளியும் வரிசை கட்டி நின்றன. பொங்கல் பானைக்கென்று தனியாகத் தண்ணீர் பிடித்து மூடி வைத்தவர்கள் உண்டு. சுங்கை பட்டாணியில் அக்கா வீடோ மாமியார் வீடோ இருந்தவர்கள் துணி மூட்டையைக் காரில் போட்டுக்கொண்டு அங்கே போய்த் துவைத்து வந்தார்கள். அங்கே குழாயில் வந்ததும் இதே ஆற்றுப்படுகையின் தண்ணீர்தான். அது வறட்சி அல்ல, தகராறும் அல்ல. வெறும் பழுதுபார்ப்பு வேலை, அதுவும் முன்கூட்டியே அறிவித்துச் செய்தது.

தகராறு வேறு இடத்தில் இருக்கிறது. மூடா ஆறு பிறப்பது கெடாவின் உட்பகுதியில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய உலு மூடா காடுகளில். சுமார் 160,000 ஹெக்டேர் மழைக்காடு அது. காடு மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் வெயில் மாதங்களிலும் ஆற்றில் நீர் ஓடுகிறது. 2016இல் நம் பக்கத்து மழையைக் குறைக்கும் எல் நினோ தாக்கியபோது கெடா, பெர்லிஸ் அணைகளின் நீர்மட்டம் அபாயமாகச் சரிந்தது. காடும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அந்தக் காட்டை வெட்டாமல் வைத்திருப்பதற்காகத் தனக்கு என்ன கிடைக்கிறது என்று கெடா கேட்கிறது. மந்திரி பெசார் (மாநில முதல்வர்) முகமட் சனுசி பொறுப்புக்கு வந்த பிறகு அந்தக் கேள்விக்கு ஒரு தொகையும் வந்து சேர்ந்தது: ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட்டைப் பினாங்கு தர வேண்டும் என்றார். பினாங்கு முதலமைச்சர் சாவ் கோன் இயோ மறுத்தார். ஆறு இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது, எங்கள் பக்கக் கரையிலிருந்து எங்கள் மண்ணில் நின்று எடுக்கிறோம், கெடா எங்களுக்காக எதையும் சுத்திகரித்துத் தருவதில்லை, பிறகு எதற்குப் பணம் என்பது பினாங்கின் வாதம்.

இதற்குப் பின்னால் இருநூறு ஆண்டுப் புண் ஒன்றும் இருக்கிறது. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கியதும், 1800இல் எதிர்க்கரையான செபராங் பிறை கைமாறியதும் கெடா சுல்தானுக்கு ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய டாலர் என்ற உடன்பாட்டில் போய் நின்றன. பிறகு அது 10,000 ரிங்கிட்டாகவே பல காலம் ஓடி, 2018இல்தான் மத்திய அரசு அதை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. தண்ணீருக்குக் காசு கேட்கும்போதெல்லாம் கெடா அரசியலில் இந்த வரலாறும் கூடவே எழுந்து வருகிறது. அதனால்தான் ஒரு கணக்கு வழக்கு, மான அவமானப் பிரச்சினையாக மாறிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சிக்கலின் முடிச்சு தெரியும். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி, ஒரே மாநிலத்துக்குள் அடங்காத ஆறு மத்திய அரசின் பட்டியலில் வருகிறது. சம்பந்தப்பட்ட மாநிலங்கள் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டால் மட்டும் விலக்கு. ஆனால் நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். ஆறு கூட்டரசின் கையில், ஆற்றின் தாயான காடு கெடாவின் கையில். காட்டை வெட்டினால் மாநிலக் கஜானாவுக்கு வருமானம். வெட்டாமல் விட்டால் பலன் கீழே உள்ளவர்களுக்கு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் கெடாவில் எந்தக் கட்சி ஆண்டாலும் கோடாரியின் பக்கம் கை போகத்தான் செய்யும். சனுசியின் பேச்சுத் தொனி பலருக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆனால் அவருடைய கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கெடாவின் சுமை காடு மட்டுமல்ல. 1970 வாக்கில் மூடா, பெடு அணைகள் முடிந்ததும் சுமார் ஒரு லட்சம் ஹெக்டேரில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளையத் தொடங்கியது. நாட்டின் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கிருந்து வருகிறது. நெல் வயலை வயலாகவே வைத்திருப்பதும் கெடா செய்கிற ஒரு சேவைதான், ஏனென்றால் தொழிற்சாலைக்கு விற்றால் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். அந்தச் சேவையின் மதிப்பு 2023இல் எல்லாருக்கும் புரிந்தது. பருவமழை ஒழுங்கில்லாமல் போய் விலை ஏறுகிறது என்று அந்த ஆண்டு ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. செப்டம்பர் 1ஆம் தேதி மலேசியாவில் இறக்குமதி வெள்ளரிசியின் மொத்த விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக எகிறியது. 10 கிலோ 26 ரிங்கிட் என்று விலைக்கட்டுப்பாட்டில் இருந்த உள்நாட்டு அரிசி கடைத் தட்டுகளிலிருந்து காணாமல் போனது. லிட்டில் இந்தியாவில் பொன்னி மூட்டையின் விலையைக் கேட்டுவிட்டுத் தயங்கி நின்றவர்களுக்கு, மழை பொய்ப்பதற்கும் தங்கள் அடுப்புக்கும் நடுவே ஏற்றுமதிக் கொள்கை என்ற ஒன்று இருப்பது அன்றைக்குத் தெரிந்தது.

இப்போது எரிசக்தி மாற்றம் இந்தப் படத்துக்குள் வருகிறது. 2023 ஜூலை, ஆகஸ்ட்டில் இரண்டு பகுதிகளாக வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டவரைவு, 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து வர வேண்டும் என்கிறது. நல்ல இலக்கு, நிலக்கரியை விட்டு வெளியே வராமல் நமக்கு வேறு வழியில்லை. ஆனால் சூரியத் தகடும் மின்காரும் வானத்திலிருந்து விழுவதில்லை. அவற்றைச் செய்கிற ஆலைகளில் சில மூடா ஆற்றின் அருகிலேயே நிற்கின்றன. கெடாவின் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஃபர்ஸ்ட் சோலார் பல ஆண்டுகளாகத் தகடு செய்கிறது. மின்கார்களுக்கும் சூரிய மின் நிலையங்களுக்கும் தேவையான சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்காக இன்ஃபினியோன் அங்கே 2024 ஆகஸ்டில் ஒரு பெரிய ஆலையைத் திறந்தது. சில்லுத் தொழில் தண்ணீரைக் குடிக்கிற தொழில். ஆக, வேளாண்மைக்கும் வீடுகளுக்கும் பினாங்கின் பழைய ஆலைகளுக்கும் போய்க்கொண்டிருந்த ஆற்றுப்படுகையில் பசுமைத் தொழிலும் ஒரு பங்காளியாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய உரசல் மலையில் இருக்கிறது. மின்கார் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய வலிமையான காந்தங்களுக்கு நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் போன்ற அரிய மண் தனிமங்கள் தேவை. உலகில் இவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவின் கையில். 2025 ஏப்ரலில் சீனா சிலவற்றின் ஏற்றுமதியை உரிமத்தின் கீழ் இறுக்கியதும் உலகம் முழுக்கக் கார் கம்பெனிகள் பதறின. மலேசியாவில் கதிரியக்கம் இல்லாத வகை அரிய மண் மட்டும் சுமார் 1.6 கோடி டன் இருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு. கெடா மலைகளும் அந்தக் கணக்கில் உண்டு. 2024 ஜனவரி முதல் கச்சாவாக ஏற்றுமதி செய்யத் தடை போட்டு, இங்கேயே பதப்படுத்தி லாபம் பார்க்க வேண்டும் என்கிறது கோலாலம்பூர். அமெரிக்காவும் சீனாவும் மாறி மாறி வந்து கதவைத் தட்டுகின்றன. காட்டை வைத்திருப்பதற்கு யாரும் காசு தராத மாநிலத்துக்கு, காட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணுக்குக் காசு தர ஆள் வரிசையில் நிற்கிறது.

இந்த மண்ணை எடுக்கும் முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஈயச் சுரங்கம் மாதிரி மலையைக் குடைவதில்லை. மலைச் சரிவில் வரிசையாகத் துளை போட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே விடுகிறார்கள். களிமண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் தனிமங்களை அது கழற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கும். அங்கே பிடித்து வடித்தெடுக்கிறார்கள். மரம் அதிகம் விழாது, புழுதி பறக்காது என்று இதை ஆதரிக்கிறவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் உள்ளே விட்ட கரைசல் முழுவதும் பிடிக்கிற இடத்துக்கே வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தென்சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் இப்படிக் கசிந்த அம்மோனியா ஓடைகளையும் கிணறுகளையும் கெடுத்ததைச் சீனா இன்னமும் செலவு செய்து சரிப்படுத்திக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் இந்த முறையின் முன்னோடிச் சுரங்கம் பேராக்கின் மேல்பகுதியில், கெரிக் அருகே கெனரிங்கில் நடக்கிறது. மூடா ஆறு போதாமல் போனால் பினாங்கு அடுத்து நம்பியிருப்பது பேராக் ஆற்றை. அந்தத் தண்ணீரைக் கேட்டுப் பினாங்கு பல ஆண்டுகளாகப் பேசியும், எங்கள் சொந்தத் தேவைக்கே வேண்டும், தருவதானால் சுத்திகரித்த நீராகத்தான் விற்போம் என்ற பேராக்கின் பதிலில் பேச்சு நீண்ட காலம் முட்டி நின்றது.

அரிய மண் என்றாலே நம் பக்கத்து மக்கள் முகம் சுளிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவில் கிடைக்கும் மோனசைட்டிலிருந்து அரிய மண்ணைப் பிரித்தார்கள். மிச்சமாகத் தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு வந்தது. குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததாகவும் கருச்சிதைவுகள் கூடியதாகவும் ஊரார் சொன்னார்கள். 1985இல் வழக்குப் போட்டார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சுற்றுச்சூழல் அமைப்பான சஹாபாட் ஆலாம் மலேசியாவும் அவர்கள் பின்னால் நின்றன. எஸ்.எம். முகமது இட்ரிஸ் தலைமையில் இயங்கிய அமைப்புகள் இவை. அவர் 2019இல் மறைந்தார். வழக்கை நடத்திய வழக்கறிஞர்களில் ஒருவர் மீனாட்சி ராமன். 1987இல் அரசியல்வாதிகளையும் சமூக ஆர்வலர்களையும் கூட்டமாகப் பிடித்த ஓப்பராசி லாலாங் கைதுகள் நடந்தபோது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவரும் அடைக்கப்பட்டார், புக்கிட் மேரா போராட்டக்காரர்கள் சிலரும் அடைக்கப்பட்டார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஊராருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 1993 இறுதியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. துப்புரவுச் செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர்.

இன்றைக்குப் பேசப்படுகிற களிமண் வகையில் அந்த அளவு கதிரியக்கம் இல்லை என்பது உண்மை. புக்கிட் மேராவையும் கெனரிங்கையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல. ஆனால் புக்கிட் மேராவில் மக்கள் கேட்ட கேள்விகள் கதிரியக்கத்தைப் பற்றி மட்டும் இருக்கவில்லை. எங்களைக் கேட்டீர்களா, அளந்த கணக்கைக் காட்டுவீர்களா, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றும் கேட்டார்கள். பதிலுக்குக் கைது வந்தது. 2012இல் குவாந்தான் அருகே கெபெங்கில் லைனாஸ் அரிய மண் ஆலை தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்ததில் அந்த நினைவுக்குப் பங்கு உண்டு. உரசல் எப்போது மோதலாகிறது என்று ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இந்த ஒரு வரலாற்றிலேயே பார்த்துவிடலாம்.

அரசே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மியன்மாரின் காச்சின் மாநிலம் இருக்கிறது. உலகத்துக்குத் தேவையான டிஸ்ப்ரோசியத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் எல்லை தாண்டிச் சீனாவுக்குப் போகிறது. 2024இல் காச்சின் விடுதலைப் படை அந்தச் சுரங்கப் பகுதிகளைப் பிடித்த பிறகு மண்ணின் வருமானம் யுத்தத்தின் வருமானமும் ஆயிற்று. சரவாக்கில் துப்பாக்கி இல்லை, ஆனால் 2,400 மெகாவாட் பாக்குன் நீர்மின் அணைக்காகச் சுமார் 10,000 பூர்வகுடியினர் சுங்கை ஆசாப்புக்கு மாற்றப்பட்டார்கள். அந்த அனுபவத்தைக் கண்ணால் கண்ட பாராம் ஆற்று மக்கள் வழிமறித்து நின்றதால் 2016இல் பாராம் அணைத் திட்டம் கைவிடப்பட்டது.

தண்ணீர்த் தகராறு என்றால் தமிழனுக்குக் காவிரியை நினைக்காமல் இருக்க முடியாது. 1991இல் இடைக்காலத் தீர்ப்பு வந்ததும் பெங்களூரில் தமிழர்கள் அடிவாங்கி ஊரைவிட்டு ஓடிவந்ததை இங்கே உள்ள நம் பெரியவர்களும் செய்தியில் பார்த்துப் பதறியவர்கள்தான். அப்படியிருந்தும் இந்தியாவில் 1956இலேயே மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்ச் சட்டம் வந்துவிட்டது. 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விட வேண்டியது 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று நிர்ணயித்தது, பிறகு மேலாண்மை ஆணையம். திருப்தி யாருக்கும் இல்லை, மழை குறைந்த ஆண்டுகளில் சண்டை திரும்பவும் வரும். ஆனாலும் ஒரு எண் இருக்கிறது, அந்த எண்ணை வைத்து வாதாட ஒரு இடம் இருக்கிறது. மூடாவுக்கு அதுகூட இல்லை. கெடாவும் பினாங்கும் பத்திரிகையாளர் சந்திப்பு மூலமாகப் பேசிக்கொள்கின்றன. எல்லைதாண்டும் ஆறு தன் பட்டியலில் இருந்தும், இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் பங்கீட்டை இத்தனை வருஷத்தில் மத்திய அரசு கொண்டுவரவில்லை. மழை ஒழுங்காகப் பெய்த காலத்தில் அந்த மௌனம் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த பெரிய எல் நினோ ஆண்டில் தெரியும்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. உலக அரங்கில் மலேசியா பேசுவது கெடாவின் வாதத்தைத்தான். 1992 ரியோ மாநாட்டிலிருந்து நாம் சொல்லிவருவது, பாதி நிலத்தைக் காடாக வைத்திருக்கிறோம், அதன் பலன் உலகத்துக்கு, ஆகவே வளர்ந்த நாடுகள் செலவில் பங்கு ஏற்க வேண்டும் என்பது. 1984இல் பினாங்கில் பிறந்த மூன்றாம் உலக வலையமைப்பு, பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் தென்னக நாடுகளுக்காக இந்த நியாயத்தை ஓயாமல் எடுத்துவைக்கிறது. மீனாட்சி ராமன் அதன் முக்கியக் குரல்களில் ஒருவர். பருவநிலையால் அடிபடும் ஏழை நாடுகளுக்கு உதவும் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதி 2022இல் ஷார்ம் எல் ஷேக் ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டதில் இப்படிப்பட்ட குரல்களுக்குப் பங்கு உண்டு. 2021 டிசம்பரில் பருவநிலையைப் பாதுகாப்பு மன்றத்தின் பொறுப்பில் சேர்க்கும் தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ செய்தது, இந்தியாவும் எதிர்த்து வாக்களித்தது. இது ராணுவ விவகாரம் அல்ல, வளர்ச்சியும் நீதியும் சம்பந்தப்பட்டது என்று இந்தியா சொன்னதை நானும் ஏற்கிறேன். அப்படியென்றால் அதே நீதி கெடாவின் காட்டோர மாவட்டங்களான சிக், பாலிங்குக்கும் பினாங்குக்கும் இடையிலும் செல்ல வேண்டுமல்லவா?

வழி இல்லாமல் இல்லை. 2019 பட்ஜெட்டிலிருந்து, காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு சூழலியல் நிதிப் பகிர்வு என்ற பெயரில் பணம் தருகிறது. முதல் ஆண்டில் 6 கோடி ரிங்கிட், பிறகு கூடியிருக்கிறது. ஆனால் எல்லா மாநிலங்களுக்கும் பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது மரமும் மண்ணும் தரக்கூடியதற்கு முன்னால் சில்லறை. பினாங்கு, நாட்டிலேயே தண்ணீர் அதிகம் செலவழிக்கும் மாநிலங்களில் ஒன்று. நீண்ட காலம் மிக மலிவாகக் குடித்த மாநிலமும்கூட. வீட்டுக்காரர்களை விடுங்கள், தொழிற்சாலைகளின் கட்டணத்தில் ஒரு சிறு பங்கைக் காட்டுக்கென்று ஒதுக்குவதில் யாரும் நொடித்துப்போக மாட்டார்கள். ஆனால் கெடா கேட்கிற மாதிரி நிபந்தனை இல்லாத 5 கோடியாக அதைக் கொடுக்கக் கூடாது. எத்தனை ஹெக்டேர் காடு இந்த ஆண்டு நின்றது என்று செயற்கைக்கோள் படத்தில் அளந்து, நின்ற காட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதி நேராகச் சிக், பாலிங் பக்கத்துப் பால்மரக்காரர்களுக்கும் காட்டோர ஊர்களுக்கும் போக வேண்டும். பணம் கெடாவின் தலைநகர் அலோர் ஸ்டாரில் நின்றுவிட்டால் மலையில் இருக்கிறவனுக்கு அரிய மண் கம்பெனி தரும் தினக்கூலிதான் பெரிதாகத் தெரியும். நீர்ப்பிடிப்புக் காட்டில் கரைசல் சுரங்கம் கிடையாது என்று எழுத்தில் வேண்டும். மத்திய அரசு பொதுவில் அமர்ந்து, வறட்சி ஆண்டில் நெல்லுக்கு எவ்வளவு, கூலிமுக்கு எவ்வளவு, பினாங்குக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பங்கு நிர்ணயிக்க வேண்டும். அதற்குப் புதிய அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை, ஒன்பதாவது அட்டவணையில் இருப்பதே போதும்.